பதில் சொல்லாத கதவு

அத்தியாயம் மூன்று

காலையில் அந்த போன் வந்ததிலிருந்து கொடுக்குக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"மெடலா கூப்பிட்டா? உன்னையா?" ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து சித்தப்பா மறுபடியும் கேட்டார். மடியில் கேபிள் சுருளைக் கைக்குழந்தை மாதிரி அணைத்திருந்தார். "காலேஜ் முடியறவரைக்கும் தினமும் வீட்டுக்கு வந்து யாரைத் திட்டுவியோ, அந்த மெடலா?"

"அவளேதான்."

"உன் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நீங்க அடிச்சு ஊரெல்லாம் விநியோகம் பண்ணின கார்டு இருக்கே, அதுலதான்."

சித்தப்பா பெருமையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். 'சர்வர் துப்பறியும் நிபுணர்' என்று இவளைக் கேட்காமலே அச்சடித்தவர் அவர். உண்மையில் தொழில் அதுதான். எங்கேயாவது ஒரு ஆபீஸில், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தகவல் கொடுக்கும் சர்வர் வாயை மூடிக்கொண்டால் இவளைக் கூப்பிடுவார்கள். போவாள், காரணத்தைத் தேடிப் பிடிப்பாள், யார் தப்பு என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவாள். அந்தக் கடைசி வேலைக்காகத்தான் கொடுக்கு என்ற பெயர். சித்தப்பா கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவர். டிவி ஒயர் இல்லாமல் வர ஆரம்பித்ததும் இவளுக்கு உதவியாளர் ஆனார். ஒயர் அவர் பொறுப்பு, மூளை இவள் பொறுப்பு, வாய் இரண்டு பேருக்கும் பொது.

மெடல் இவளோடு படித்தவள். அவள் அப்பா இன்ஜினீயர், அண்ணன் இன்ஜினீயர், வீட்டில் கம்ப்யூட்டருக்கென்றே ஒரு அறை. கொடுக்கு வீட்டில் மொத்தமே ஒரு அறை. காலேஜ் விண்ணப்பத்தில் 'பெற்றோரின் படிப்பு' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு உள்ளே வந்தவள் இவள். விழுந்து விழுந்து படித்தாள். ஒவ்வொரு பரீட்சையிலும் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவள் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் வந்து, "நீயும் நல்லாத்தான் எழுதியிருக்கே" என்று சிரிப்பாள். அந்த 'நீயும்' இன்னும் கொடுக்கின் தொண்டையை விட்டு இறங்கவில்லை. கடைசியில் தங்க மெடலையும் அவளே கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

"இன்னிக்கு அவ தப்பைக் கண்டுபிடிக்கப் போறேன்" என்றாள் கொடுக்கு.

"தப்பு இருந்தா," என்றார் சித்தப்பா.

"இருக்கும்."

*

மருந்து மொத்த வியாபாரக் கிடங்கு அது. வாசலில் வேன்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் ஸ்டீயரிங்கில் தலை வைத்துத் தூங்கினார்கள். கீழே வரிசை வரிசையாக அலமாரிகள், அட்டைப் பெட்டி வாசனை. ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு. அதற்குள் ஒரு சர்வர், ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி. நாற்காலியில் மெடல்.

இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. இருந்தாலும் அழகாகத்தான் இருந்தாள், சனியன்.

"வந்துட்டியா," என்றாள் மெடல்.

"கூப்பிட்டியே."

மெடல் சுற்றி வளைக்கவில்லை. கிடங்கு முதலாளியின் வீட்டுக்கு அவள் இரண்டாவது மருமகள். போன மாதம் பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டு, லினக்ஸில் ஒரு டேட்டாபேஸ் சர்வரை அவளே நிறுவினாள். சரக்கு, விலை, பில் எல்லாம் அதற்குள். நாலு நாளாக மாடியில் பில் போடும் அறையிலிருந்து சர்வரைத் தொட முடியவில்லை. பில் இல்லாமல் வேன் கிளம்பாது.

"சாயங்காலம் டீ மணி அடிக்கும். அதுக்குள்ள சரியாகலைன்னா இந்த சர்வரைக் கழட்டிடுவேன்னு மாமனார் சொல்லிட்டார்." நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். "இதையும் சேர்த்துதான். 'வீட்டைப் பார்த்துக்கோம்மா, போதும்'னு சொல்லிட்டார்."

கொடுக்கின் உள்ளே ஒருத்தி கை தட்டினாள். வெளியே இருந்தவள் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டாள்.

அப்போது அலமாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு ஆள் இரண்டு டீ டம்ளரோடு வந்தான். மென்மையான முகம், மடிப்புக் கலையாத சட்டை. "நான் சரக்கு ரூமைப் பார்த்துக்கறேன். இவ வீட்டுக்காரன்," என்று மெடலைக் காட்டினான். "ரொம்பக் கஷ்டப்பட்டு செட் பண்ணினா, மேடம். இவ சொல்லச் சொல்ல நான்தான் உக்காந்து டைப் அடிச்சேன். அண்ணிக்குத்தான் இது பிடிக்கவே இல்ல." ஒரு பெருமூச்சை விட்டுவிட்டுப் போனான்.

"தங்கமான புருஷன்," என்றார் சித்தப்பா, டீயை உறிஞ்சிக்கொண்டே.

அதுவும் இவளுக்கே கிடைத்திருக்கிறது என்று கொடுக்கு நினைத்தாள். மேஜையில் உட்கார்ந்தாள்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. டேட்டாபேஸைப் புதுசா போட்டா, அது தன் மெஷினுக்குள்ள மட்டும்தான் பேசும். வெளியிலேர்ந்து வர்றவங்களுக்கும் காது கொடுன்னு நாமதான் சொல்லணும். அதைச் சொன்னியா?"

முதல் வருஷப் பிள்ளைகள் பண்ணுகிற தப்பு. மெடல் அதைப் பண்ணியிருக்க வேண்டும் என்று கொடுக்கு மனசார ஆசைப்பட்டாள்.

"நீயே பாரு."

பார்த்தாள். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாப் பக்கமும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. எந்த அறையிலிருந்து யார் வரலாம் என்பது தனியாக எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் மேலே, அந்த வரி ஏன் இருக்கிறது என்று ஒரு குறிப்பு. நாளைக்கு முன்பின் தெரியாத ஒருத்தன் வந்தாலும் படித்துப் புரிந்துகொள்வான். கொடுக்கு கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தாள். மேலிருந்து மறுபடி வந்தாள். ஒரு புள்ளி பிசகவில்லை. தான் உட்கார்ந்து செய்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்று அவளுக்கே தெரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன பாப்பா, கிடைச்சுதா?" என்றார் சித்தப்பா.

"மாடிக்கு வாங்க."

*

மாடியில் பில் அறை. இரண்டு பெண்கள் கையால் பில் எழுதி விரல் வீங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுமேஜையில் மூத்த மருமகள். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள்.

"இதோ வந்துட்டாங்கப்பா இன்னொரு இன்ஜினீயர்! ஒருத்தி வந்ததுக்கே வேன் கிளம்பல. ரெண்டு பேரா, இனி வேனையே வித்துடலாம்."

கொடுக்குக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

"தொட்டதும் என்ன சொல்லுது? உடனே இல்லைன்னு சொல்லுதா, காக்க வெச்சுக் கையை விரிக்குதா?"

"காக்க வெச்சுத்தான். நான் போய் மூஞ்சி கழுவிப் பவுடரே போட்டுட்டு வந்துட்டேன், அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. அப்புறம் 'நேரம் முடிந்தது'ங்குது. நேத்துக் காலையில கொஞ்ச நேரம் ஒழுங்கா ஓடிச்சு. என்ன கோவமோ, மறுபடி படுத்துக்கிச்சு."

கொடுக்கு சித்தப்பாவை ஓரமாக இழுத்தாள். "ஒரு வீட்டுக் கதவைத் தட்டறீங்க. டேட்டாபேஸ்ங்கிற ஆள் உள்ளே இல்லைன்னா, 'யாரும் இல்ல, போ'ன்னு சர்வர் உடனே சொல்லிடும். பாஸ்வேர்ட் தப்புன்னா, 'யாருய்யா நீ'ன்னு விரட்டும். ரெண்டுமே பதில்தான். இங்கே பதிலே இல்ல. உள்ளே ஆள் இருக்கு. தட்டற சத்தம் கேக்குது. கேக்காத மாதிரி உக்காந்திருக்கு."

"உங்க சித்தி மாதிரின்னு சொல்லு."

"அதேதான். யாரோ சொல்லிக் கொடுத்த மௌனம் இது."

"அது என்ன குசுகுசு?" என்று ஒரு குரல் அதட்டியது.

அறைக் கோடியில் பெரிய மேஜை. முதலாளி. வெள்ளை மீசை, மூக்கின் நுனியில் கண்ணாடி. கொடுக்கை மேலும் கீழுமாகப் பார்த்தார். "ஓ! அந்தப் பொண்ணு நீதானா?" அவர் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு வந்து போனது. எந்தப் பொண்ணு என்று கொடுக்குக்குப் புரியவில்லை.

"எனக்கு எல்லாம் வருதே!" என்று அவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். சரக்கு, விலை, நேற்றைய கணக்கு, எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. "இவங்களுக்கு மட்டும் வரலையாம். ரெண்டு மருமகளும் சண்டை போட்டுக்கிட்டு மெஷின் மேல பழியைப் போடறாங்க. ஒருத்திக்கு வைக்கத் தெரியல, ஒருத்திக்குத் தட்டத் தெரியல."

ஒரே அறை. ஒரே ஒயர். அவருக்கு மட்டும் வருகிறது.

"சித்தப்பா, ஐயா மெஷினையும் அக்கா மெஷினையும் இடம் மாத்துங்க."

சித்தப்பா மேஜைக்கடியில் புகுந்து, தும்மி, இரண்டையும் மாற்றி மாட்டினார். மூத்த மருமகளின் மெஷின் முதலாளியின் இடத்திலும் ஊமையாகவே இருந்தது. முதலாளியின் மெஷின் மருமகள் மேஜையில் போய் உட்கார்ந்தும் ஜோராக ஓடியது.

"ஒயருக்கு ஆள் தெரியாது, சித்தப்பா. ஒயருக்கு மாமனாரும் ஒண்ணு, மருமகளும் ஒண்ணு. ஆளைப் பார்த்துக் கதவைத் திறக்கறது மனுஷன்தான்."

மூத்த மருமகள் இடுப்பில் கை வைத்தாள். "அப்போ நான்தான் பண்ணினேன்னு சொல்ல வர்றியா?"

"உங்களுக்கு அவமேல பொறாமை இருக்கா?"

பில் எழுதிய பெண்களின் பேனா நின்றது.

"இருக்கு," என்றாள் மூத்த மருமகள். "ஆமா, பொறாமைதான். அதுக்கு என்ன இப்போ? இந்த மேஜையில வருஷக் கணக்கா குனிஞ்சு குனிஞ்சு என் கழுத்தே கோணலாயிடுச்சு. ஒரு நாள் 'நல்லா செஞ்சேம்மா'ன்னு ஒரு வார்த்தை கிடையாது. அவ வந்து ஒரு பெட்டியை வெச்சா. உடனே, 'இவ என் மூணாவது பையன்'னு டிரைவருங்ககிட்டகூட சொல்லிக்கிட்டுத் திரியறார். எரியாதா? உனக்குன்னா எரியாதா?"

எரியும் என்று கொடுக்குக்கு நன்றாகத் தெரியும்.

*

திரும்பக் கீழே. மெடல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேன்களைப் பார்த்தபடி நின்றாள். திரும்பவில்லை. சர்வரைத் திறந்தே விட்டிருந்தாள்.

டேட்டாபேஸுக்கு முன்னால் லினக்ஸில் ஒரு காவல்காரன் உண்டு, ஃபயர்வால். யாரை உள்ளே விடலாம், யாரைக் கூடாது என்று அதற்குச் சொல்லி வைப்பார்கள். கொடுக்கு அதைத் திறந்தாள். அங்கேயும் வரிக்கு வரி மெடலின் குறிப்புகள். ஆனால் நடுவில் இரண்டு வரி, மொட்டையாக, குறிப்பே இல்லாமல் நின்றன.

கீழ் வரி: மாடியிலிருந்து டேட்டாபேஸைத் தேடி யார் வந்தாலும், பதில் சொல்லாமல் விட்டுவிடு.

மேல் வரி: முதலாளியின் மெஷினை மட்டும் உள்ளே விடு.

"இதோட பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட," என்றாள் மெடல், ஜன்னலைப் பார்த்தே.

கொடுக்குக்கு ரத்தம் தலைக்கேறியது. பாஸ்வேர்ட் இவளிடம். அப்படியானால் கதவைச் சாத்தியவளும் இவளே! தங்க மெடல் தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டிவிட்டுச் சாவியைத் தேடுகிறாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தவளை சித்தப்பா தோளைப் பிடித்து வேன் நிற்கும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஆசையா இருக்குல்ல?"

"என்ன ஆசை?"

"அவளா இருக்கணும்னு. உன் கண்ணு மின்னுது பாப்பா. தீபாவளி மத்தாப்பு தோத்துடும்."

கொடுக்கு ஒரு வேனின் டயரை எட்டி உதைத்தாள். உள்ளே தூங்கிய டிரைவர் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்தார். மூச்சு கொஞ்சம் அடங்கியது.

"சரி. யோசிக்கலாம். கதவைச் சாத்த ரெண்டு வழி இருக்கு. பட்டுனு 'இல்லை'ன்னு சொல்லலாம், இல்ல, பதில் சொல்லாம காக்க வைக்கலாம். பட்டுனு சொன்னா யாரோ சாத்திட்டாங்கன்னு தெரிஞ்சுடும். காக்க வெச்சா?"

"சர்வர் மந்தம்னு பேர் வரும்."

"சர்வருக்கா? வெச்சவளுக்கு. செஞ்சவங்களுக்கு வேலை நிக்கணும்னு ஆசை இல்ல. மெடல் பேர் கெடணும்னு ஆசை. தன் பேரைத் தானே கெடுத்துக்க மெடலுக்கு என்ன பைத்தியமா?" அதைச் சொல்லும்போது கொடுக்குக்கு வாய் கசந்தது.

"அப்போ மூத்தவதான். அவளே ஒத்துக்கிட்டாளே."

"மூத்தவளா இருந்தா, முதல்ல யாருக்குக் கதவைச் சாத்துவா?"

சித்தப்பா கேபிள் சுருளைச் சொறிந்தார். "மாமனாருக்கு. அந்தக் கிழவர் தன் கண்ணால பாத்துக் கத்தினாத்தானே காரியம் ஆகும்."

"அவருக்குத் திறந்துவிட்டதால என்ன ஆச்சு? 'எனக்கு வருதே'ன்னு மூத்தவளையும் சேர்த்துத் திட்டறார். அவ இதைச் செஞ்சிருக்க மாட்டா. ஒரே வரியில முடிஞ்சுபோற வேலை இது, சித்தப்பா. செஞ்ச ஆளு மெனக்கெட்டு ரெண்டாவது வரி எழுதியிருக்கு. ஏன்? அந்தக் கிழவருக்கு மட்டும் கதவைச் சாத்தக் கை வரல. அவர் கேட்டு இல்லைன்னு சொல்லிப் பழக்கமே இல்லாத ஆளு."

"ஆனா பாஸ்வேர்ட் அவகிட்ட மட்டும்தானே இருக்கு?"

"அதான் இடிக்குது."

சித்தப்பா இவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ கல்யாணம் பண்ணிக்காததுக்கு இதான் தண்டனை. புருஷன் பொண்டாட்டியில ஒருத்தர் 'என்கிட்ட இருக்கு'ன்னா, அது ரெண்டு பேர்கிட்டயும் இருக்குன்னு அர்த்தம். உங்க சித்தி பீரோ சாவியை எங்கே ஒளிச்சு வைக்கறான்னு எனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருக்கேன். அதான் இல்லறம்."

டீயோடு வந்த மெடலின் புருஷன் சொன்னது கொடுக்குக்கு நினைவு வந்தது. 'இவ சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடிச்சேன்.'

"சித்தப்பா, கேபிளை எடுத்துக்கிட்டு சரக்கு ரூமுக்குப் போங்க. ஏதாவது ஒரு ஒயரை ரிப்பேர் பண்ணுங்க."

"ரிப்பேர் ஆகாத ஒயரா இருந்தா?"

"ரிப்பேர் ஆக்கிட்டு ரிப்பேர் பண்ணுங்க."

*

கொடுக்கு சர்வர் முன் உட்கார்ந்தாள். அந்த மேல் வரியை மட்டும் எடுத்தாள். முதலாளிக்கு இருந்த தனிக் கதவு இப்போது இல்லை. இன்னொரு திரையில், சர்வருக்குள் யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினாள்.

மாடியில் ஒரு கர்ஜனை. "என்னடா இது! எனக்கும் போச்சு!"

தொடர்ந்து மூத்த மருமகளின் சிரிப்பு. "இப்பவாவது நம்பறீங்களா மாமா? நாலு நாளா கத்தினேனே!" அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. கொண்டாட்டம்தான் இருந்தது. செய்தவள் அப்படிச் சிரிக்க மாட்டாள், பதறுவாள்.

கொடுக்கு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வேன் ஒன்று ஹாரன் அடித்தது. மெடல் ஜன்னலிலேயே நின்றாள்.

அப்போது சர்வருக்குள் ஒருவர் நுழைந்தார். பெயர்: மெடலுடையது. வந்த இடம்: சரக்கு ரூம் மெஷின்.

மெடல் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எதிரே நிற்க, மெடலின் பெயரில் யாரோ அவசர அவசரமாக அந்த மேல் வரியைத் திரும்ப எழுதினார்கள்.

"ஆங்! வந்துடுச்சு!" என்றது மாடிக் குரல்.

சித்தப்பா கண்ணாடித் தடுப்புக்குள் தலையை நீட்டினார். "பாப்பா, சின்ன முதலாளிக்கு வியர்த்துக் கொட்டுது. ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

கொடுக்கு சரக்கு ரூமுக்குப் போனாள். மடிப்புக் கலையாத சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் விரல் இன்னும் விசைப்பலகை மேலேயே இருந்தது. இவளைப் பார்த்ததும் அவன் மறுக்கவில்லை, கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, மேடம்."

"அவளைப் பத்திக் கவலை இல்லையா?"

கொடுக்கு திரும்பி வந்தாள். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மெடலுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவை. அதை எப்படிச் சொன்னால் அதிகம் வலிக்கும், எப்படிச் சொன்னால் குறைவாக வலிக்கும் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் யோசித்தாள்.

மெடல் திரும்பினாள்.

"அவர்தானே?" என்றாள்.

கொடுக்கின் நெஞ்சு அப்படியே உள்ளே போனது. "உனக்குத் தெரியுமா?"

"முந்தாநாளே."

"அப்புறம் எந்த எழவுக்கு என்னைக் கூப்பிட்டே?"

"அந்த ரெண்டு வரியையும் நேத்து அழிச்சேன். மத்தியானமே திரும்ப வந்துடுச்சு. இன்னொரு தடவை அழிக்கலாம். பாஸ்வேர்டை மாத்தலாம். ஆயுசு பூரா அவர் பூட்ட, நான் திறக்கன்னு குடித்தனம் பண்ண முடியுமா? நானே போய் மாமாகிட்ட சொன்னா, தன் தப்பை மறைக்கப் புருஷன் தலையில போடறா பாருன்னு சொல்வாங்க. வெளியாள் சொல்லணும்."

"வெளியாள் எத்தனையோ பேர் இருக்காங்க."

"என்மேல பிரியம் இருக்கறவங்க சொன்னா எடுபடாது. மாமாகிட்டயே சொல்லிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன். 'எனக்கு ஆகவே ஆகாதவ ஒருத்தி இருக்கா, ஆனா வேலை தெரிஞ்சவ'ன்னு." மெடலின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "நான் சரின்னு நீ சொன்னா, யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. எனக்கு உன்னை விட்டா யாரும் இல்ல."

'ஓ! அந்தப் பொண்ணு நீதானா?' முதலாளியின் மீசைச் சிரிப்புக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

முதலில் கண்டுபிடித்ததும் மெடல்தான். போதாததற்கு, இவளுடைய பொறாமையைக்கூடச் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தியை எப்படித்தான் வெறுக்காமல் இருப்பது?

மணி அடித்தது. டீ மணி.

*

முதலாளி படியிறங்கி வந்தார். பின்னால் மூத்த மருமகள், பில் எழுதும் பெண்கள். சரக்கு ரூமிலிருந்து சின்னவன் வந்து கடைசியில் நின்றான். மெடல் தன் நாற்காலியின் பின்னால் நின்றாள், உட்காரவில்லை.

"என்னம்மா, யார் தப்பு? வைக்கத் தெரியாதவளா, தட்டத் தெரியாதவளா?"

சொல்லாமல் போகலாம். 'தெரியவில்லை' என்ற ஒரு வார்த்தை போதும், அந்த நாற்காலி காலியாகிவிடும். எத்தனை வருஷம் காத்திருந்த வாய்ப்பு.

"சர்வர்ல தப்பு இல்ல," என்றாள் கொடுக்கு. ஒவ்வொரு வார்த்தையையும் பல்லைப் பிடுங்குவது மாதிரி பிடுங்கி வெளியே போட்டாள். "நான் எத்தனையோ இடத்துல பாத்திருக்கேன். இவ்வளவு சுத்தமா யாரும் செஞ்சு பாக்கல. நான் செஞ்சிருந்தாலும் இப்படி வந்திருக்காது. யாரோ கதவைச் சாத்தியிருக்காங்க."

"தெரியும்!" முதலாளியின் விரல் மூத்த மருமகளை நோக்கி நீண்டது. "இவதான். வயித்தெரிச்சல்!"

மூத்த மருமகள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கொண்டையில் இருந்த பேனாவை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"அவங்க இல்ல," என்றாள் கொடுக்கு. "வயித்தெரிச்சலை அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. இது வெளியே சொல்லத் தெரியாத ஆளோட வேலை. ஐயா, உங்க சின்னப் பையனைக் கேளுங்க."

"அவனையா? அவன் என்கிட்ட ஒரு நாளும் எதிர்த்து ஒரு வார்த்தை..."

"அதுக்காகத்தான் கேக்கச் சொல்றேன்."

முதலாளி திரும்பினார். கூட்டம் விலகியது. "நீயாடா?"

பதில் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். மாடியில் அந்தப் பெண்கள் திரை முன்னால் காத்திருந்த மாதிரி. தட்டுகிற சத்தம் கேட்கிறது, உள்ளே ஆள் இருக்கிறது.

"ஆமாப்பா."

பிறந்ததிலிருந்து அவன் அப்பாவிடம் 'இல்லை' என்று சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"ஏன்?"

"இவ என் மூணாவது பையன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க." அவன் குரல் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் சின்னதாகக் கேட்டது. "ரெண்டாவது பையன் இங்கேதான் நின்னுக்கிட்டு இருந்தான்ப்பா. அவனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்வீங்களான்னு பாத்தேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டாமலே கையில் வைத்துக்கொண்டார். "அந்த ரெண்டு வரியை நீயே அழி," என்றார். "பக்கத்துல உன் பொண்டாட்டி உக்காரட்டும். அந்த நாற்காலி அவளோடது. அதை யாரும் தொடக் கூடாது. நீ நின்னுக்கிட்டு டைப் அடி."

மெடல் உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்று அவன் தட்டினான். அவள் ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது. மாடியில் மெஷின்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. பில் எழுதும் பெண்கள் படியேறி ஓடினார்கள்.

"நல்லாருக்கு நியாயம்!" மூத்த மருமகள் பேனாவைத் திரும்பக் கொண்டையில் குத்தினாள். "பூட்டினவனுக்கு நாற்காலி பக்கத்துலயே இடம். வருஷக் கணக்கா கழுத்து ஒடிஞ்சவளுக்கு இன்னும் ஒரு நல்ல வார்த்தை கிடையாது."

"அக்கா சொல்றது சரி," என்றாள் கொடுக்கு, முதலாளியைப் பார்த்து. "அந்தக் கதவும் ரொம்ப நாளா சாத்தியே கிடக்கு. அதுக்கு நான் வேண்டாம். உங்க வாய் போதும்."

சித்தப்பா அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. கொடுக்கு ஸ்கூட்டரை உதைத்தாள். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். மெடல். மூச்சு வாங்கியது.

"நீயும் நல்லாத்தான் கண்டுபிடிச்சே," என்றாள்.

கொடுக்கு வண்டியை எடுத்தாள். தெரு முனை வந்த பிறகுதான் சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் எரியுதா?"

"எரியுது."

"அவளுக்காகப் பேசினியே."

"உண்மையைப் பேசினேன். அது அவ பக்கம் இருந்துச்சு, என்ன பண்றது?" கொடுக்கு ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். "அவ வரிக்கு வரி குறிப்பு எழுதி வெச்சிருந்தா பாருங்க, அப்படியே மனசுல ஏத்திக்கிட்டு வந்துட்டேன். அடுத்த ஆபீஸ்ல அதே மாதிரிதான் போடப்போறேன்."

"அதுக்குப் பேரு காப்பியாச்சே, பாப்பா?"

"இல்ல சித்தப்பா. அதைவிட நல்லா போடுவேன்."